சுவரில் இருந்த நஞ்சு

தவழும் பருவத்துக் குழந்தைக்கு வீடே உலகம். அந்த உலகத்தை அது கண்ணால் மட்டும் அறிவதில்லை. கையால் தொட்டு, வாயில் வைத்து, கடித்துப் பார்த்தே அறிகிறது. ஆகவே, குழந்தைக்காக வீட்டைப் பாதுகாப்பானதாக்குதல் பற்றிப் பேசுவோர் அனைவரும் முதலில் தாயை நோக்கியே விரலை நீட்டுவர். மண்ணெண்ணெய்ப் போத்தலை உயரத்தில் வை; கிணற்றுக்கு மூடி போடு; கத்தியை ஒளித்து வை; பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காதே. இவை வேண்டாத அறிவுரைகள் அல்ல. ஆயினும், கண்ணிமையாது காத்திருந்த தாயின் மடியருகிலேயே குழந்தை நஞ்சுண்ட கதையொன்று உண்டு. அந்த நஞ்சு போத்தலில் இருக்கவில்லை. சுவரிலும் கதவிலும் விறாந்தை அழியிலும், குழந்தை உறங்கிய கட்டிலின் விளிம்பிலும் அது பூசப்பட்டிருந்தது. பூசியவன் கூலிக்குப் பூசினான். விற்றவன் அறிந்தே விற்றான். தாய்க்கோ எவரும் எதுவும் சொல்லவில்லை.

ஈயத்தைப் பற்றியே கூறுகிறோம். நமது வீடுகளிற் பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுதல்' என்பது வெள்ளீயம் பூசுதலாகும், அது வேறு. இங்கே பேச்சு காரீயத்தைப் பற்றியது. காரீயத்திலிருந்து பெறப்படும் ஈயவெள்ளை என்னும் தூளை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்தால் நல்லதொரு பூச்சு கிடைக்கும். அது மரத்தை நன்கு மறைக்கும், மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும், கழுவினாலும் போகாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதியான வீட்டுக்கு அடையாளமே ஈயவெள்ளை பூசிய சுவர்தான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு.

அது நஞ்சு என்பது அக்காலத்தில் அறியப்படவில்லை எனச் சிலர் சமாதானம் கூறுவர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. உரோமக் கட்டடக் கலைஞனாகிய வித்துருவியஸ், ஈயம் உருக்கும் தொழிலாளரின் வெளிறிய தோற்றத்தைக் குறித்து எழுதியவன். அமெரிக்க அரசியலறிஞர் பென்ஜமின் பிராங்கிளின் தமது இளமையில் அச்சுத் தொழிலாளியாக இருந்தவர்; ஈய அச்செழுத்துக்களோடு பழகியவர். ஈயத்தின் தீமை குறித்து 1786ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் கிடைக்கிறது. பயனுள்ள உண்மையொன்று அறியப்பட்ட பின்னரும் அது நடைமுறைக்கு வருவதற்கு எவ்வளவு காலம் செல்கிறது என்று அவர் அதன் முடிவில் வியக்கிறார். அவருக்குப் பின்னரும் அந்தக் காலம் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நீண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நஞ்சினை முதலில் உடலில் ஏற்றவர்கள் தொழிலாளரே. அவர்களுள்ளும் பெண்கள் பலர். கிழக்கு இலண்டனின் ஈய ஆலைகளில் வேலை செய்த ஏழை ஐரிஷ் பெண்களின் நிலையை 1860களின் இறுதியிற் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நேரிற் கண்டு எழுதினார். பெர்னாட் ஷோவின் 'மிஸிஸ் வாரனின் தொழில்' என்னும் நாடகத்தைப் படித்தோர், அதன் நாயகி தன் மகளிடம் கூறும் ஒரு செய்தியை மறந்திருக்கமாட்டார். அவளுடைய மாற்றுச் சகோதரி ஒருத்தி மானத்தோடு வாழ்வதற்காக ஈயவெள்ளை ஆலையில் வேலை செய்து, ஈய நஞ்சினாலேயே மாண்டவள். 1893இல் எழுதப்பட்ட இந்த நாடகத்தைப் பொதுமேடையிலே நடிப்பதற்குத் தணிக்கை அதிகாரி அனுமதி மறுத்தார். ஆலைக்குத் தடையில்லை, ஆலையைப் பற்றிப் பேசிய நாடகத்துக்கே தடை. இது போகட்டும்.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. பாரிஸ் நகரில் எட்மே ஜோன் லெக்ளேர் என்னும் பூச்சு ஒப்பந்தக்காரர், தம்மிடம் வேலை செய்தோர் ஈயத்தால் நோயுறுவதைக் கண்டு, 1840களிலேயே நாகத்திலிருந்து, அதாவது துத்தநாகத்திலிருந்து, பெறப்படும் வெள்ளையைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். பிரெஞ்சுப் பூச்சுத் தொழிலாளரின் நீண்ட போராட்டத்தின் பயனாக, கட்டடங்களுக்கு ஈயவெள்ளை பூசுவதைத் தடைசெய்யும் சட்டம் 1909இல் நிறைவேறி 1915இல் நடைமுறைக்கு வருவதாயிற்று. இதுவரை நாம் கூறியது தொழிலாளியின் கதை. அதே நஞ்சு குழந்தையையும் சென்றடைகிறது என்பதை உலகுக்கு முதலிற் காட்டியது அவுஸ்திரேலியாவின் ஒரு மூலையிலிருந்த நகரமாகும்.

குயீன்ஸ்லாந்தின் தலைநகராகிய பிரிஸ்பேனில் 1889ஆம் ஆண்டளவில் சிறுவர் மருத்துவமனைப் பணிக்கு வந்து சேர்ந்தவர் ஜெபரிஸ் டேணர் என்னும் இளம் வைத்தியர். அவர் அந்துப்பூச்சிகளைச் சேகரித்து ஆராய்வதிற் பெயர் பெற்றவருமாவார். சிறகின் ஒரு புள்ளியையும் விடாது நோக்கும் அந்தக் கண் மருத்துவமனையிலும் அவருக்குத் துணை செய்தது போலும். வயிற்றுவலியோடும் மலச்சிக்கலோடும் வந்த பிள்ளைகள் சிலரின் பாதங்கள் தொங்கிப்போயிருந்தன, கைகள் சோர்ந்திருந்தன. ஈயத் தொழிலாளரிடத்திற் காணப்பட்ட அறிகுறிகள் இவை. ஆனால் இப்பிள்ளைகள் எந்த ஆலைக்கும் சென்றவர்கள் அல்லர். 1892இல் டேணரும் அவருடைய தோழர்களும் இதனை ஈய நஞ்சு என்று அறிவித்தனர். வேறு இடத்து வைத்தியர் பலர் நம்ப மறுத்தனர். உலகில் எங்கும் இல்லாத சிறுவர் நோய் குயீன்ஸ்லாந்தில் மட்டும் எவ்வாறு வரும் என்பது அவர்களின் கேள்வி.

கேள்வி நியாயமானதே, ஈயம் எங்கிருந்து வந்தது? ஐயம் பல பொருள்கள்மீதும் விழுந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் விடை கிடைக்கவில்லை. விடையைக் கண்டவர் லொக்ஹாட் கிப்சன் என்னும் கண் வைத்தியர். மாறுகண்ணோடும் மங்கும் பார்வையோடும் அவரிடம் பிள்ளைகள் வந்தனர். அவர் நோயாளியை விட்டு நோயாளியின் வீட்டை ஆராய்ந்தார். குயீன்ஸ்லாந்தின் வீடுகள் மரத்தால் ஆனவை; தூண்கள்மீது உயர்த்திக் கட்டப்பட்டவை; சுற்றிலும் விறாந்தை உடையவை. வெப்பம் மிகுந்த அந்நாட்டிற் குழந்தைகள் நாள் முழுவதும் விளையாடும் இடம் விறாந்தையே. விறாந்தை அழிகளிற் பூசிய ஈயப் பூச்சு கொடும் வெயிலில் உலர்ந்து, தொட்டால் மாவாக உதிரும் நிலையை அடைந்திருந்தது. அழியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கும் குழந்தையின் ஈரக் கையில் அந்த மாவு ஒட்டிற்று. கை வாய்க்குச் சென்றது. நகம் கடிக்கும் பிள்ளைகளும் விரல் சூப்பும் பிள்ளைகளுமே அதிகமாக நோயுற்றமைக்கு வேறு காரணம் தேடவேண்டியிருக்கவில்லை.

1904இல் கிப்சன் இதனை எழுதி வெளியிட்டார். குழந்தையின் கை எட்டும் இடத்தில் ஈயப் பூச்சு இருத்தலாகாது என்பதே அவரது முடிவு. குழந்தையின் கையைக் கட்டச் சொல்லாமல், நகங்கடிக்கும் பிள்ளையைத் தண்டிக்கச் சொல்லாமல், தாயைக் குறைகூறாமல், சுவரை மாற்றுங்கள் என அவர் கூறினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. நோய்க்குக் காரணம் குழந்தையின் இயல்பன்று, பொருளின் இயல்பே என்ற தெளிவு அந்தக் கண் வைத்தியருக்கு இருந்தது. ஆனால் குழந்தைகள் எட்டக்கூடிய இடங்களில் ஈயப் பூச்சினைக் கட்டுப்படுத்தும் சட்டம் குயீன்ஸ்லாந்தில் 1922ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. இடையில் 18 ஆண்டுகள். அந்த ஆண்டுகளிலே விறாந்தையில் விளையாடிய பிள்ளைகள் வளர்ந்தனர். அவர்களுட் பலர் இளமையைக் கடக்குமுன்னரே சிறுநீரக நோயால் இறந்தமையை 1930களிலும் 1950களிலும் குயீன்ஸ்லாந்து வைத்தியர்கள் எண்ணிக் கணக்கிட்டுக் காட்டினர். 'பிழைத்துக்கொண்டது' என வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை உண்மையிற் பிழைக்கவில்லை.

சட்டம் வந்த காலத்திற்குச் சற்று முன்னர், 1921இல், ஜெனீவாவிற் சர்வதேசத் தொழில் மாநாடு கூடியது. தொழிலாளர் தரப்பு ஈயவெள்ளைக்கு முழுத்தடை கோரிற்று. ஈய உற்பத்தியாளர் தரப்பு முழு மூச்சோடு எதிர்த்தது. முடிவில் உடன்பாடு ஒன்று எழுதப்பட்டது. கட்டடங்களின் உட்புறத்துக்கு ஈயவெள்ளை பூசுதல் தடைசெய்யப்படும். புகையிரத நிலையங்கள், கைத்தொழிற் கட்டடங்கள் முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. கைத்தொழில் முறையிலான ஈயப் பூச்சு வேலையிற் பெண்களையும் 18 வயதுக்குட்பட்ட இளைஞரையும் அமர்த்துதல் கூடாது. இவ்வுடன்பாடு குழந்தைகளை எண்ணி எழுதப்பட்டதன்று. அதன் வாசகங்களிற் குழந்தையின் தொட்டிலுக்கு இடமில்லை. ஆயினும் பூச்சுத் தொழிலாளி தன் நுரையீரலுக்காகவும் குடலுக்காகவும் கேட்டுப் பெற்ற பாதுகாப்பு, அவன் பூசிவிட்டுப் போன அறையிற் பிறந்த குழந்தைக்கும் பாதுகாப்பாக அமைந்தது. உடன்பாட்டை ஏற்ற நாடுகளின் வீடுகளுள் ஈயவெள்ளை புகுவது குறைந்தது. பிரித்தானியா அதனை ஏற்கவில்லை. 1926இல் தொழிலாளருக்கெனத் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியதோடு அமைந்தது. ஐக்கிய அமெரிக்காவோ அப்போது அந்நிறுவனத்தில் உறுப்பு நாடாகவே இருக்கவில்லை.

அமெரிக்காவில் நடந்ததைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். தகவல் இல்லாமையால் அன்று, தகவல் இருந்தும் ஒரு சமூகம் தன் குழந்தைகளை எவ்வாறு விட்டுக்கொடுக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1914ஆம் ஆண்டில் பால்ட்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வலிப்போடு அனுமதிக்கப்பட்டு இறந்தான். தனது கட்டிலிற் பூசியிருந்த ஈயப் பூச்சினை அவன் கடித்துத் தின்றிருந்தான். தோமஸ், பிளக்பன் என்னும் இரு வைத்தியர்கள் இதனை வெளியிட்டனர். அடுத்த ஆண்டுகளில் இத்தகைய அறிக்கைகள் பெருகின. இதே காலப் பகுதியில் ஈயக் கம்பனிகளுட் பெரியதான நாஷனல் லெட் கம்பனி, மரக்காலணி அணிந்து கையிற் பூச்சுத் தூரிகை பிடித்த ஒல்லாந்துச் சிறுவனின் உருவத்தைத் தனது வியாபாரச் சின்னமாக நாடெங்கும் பரப்பிக்கொண்டிருந்தது. 1923இல் அச்சிறுவனின் 'ஈய விருந்து' பற்றிய படப் புத்தகம் ஒன்றைக் குழந்தைகளுக்கென வெளியிட்டது. பாட்டும் படமுமாக, குழந்தைகள் தாமே வர்ணம் தீட்டத்தக்கதாக அமைந்த புத்தகம் அது. ஈயம் உடல்நலத்தைக் காக்கிறது எனப் பத்திரிகைகளிலும் அக்கம்பனி விளம்பரம் செய்தது. சிறுவன் இறந்த செய்தி மருத்துவ ஏட்டில். சிறுவன் சிரிக்கும் படம் ஒவ்வொரு கடை வாசலிலும். எது தாயின் கண்ணிற் பட்டிருக்கும்?

1928இல் ஈயத் தொழில் முதலாளிகள் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதன் பிறகு எதிர்ப்பு ஒழுங்கமைந்த எதிர்ப்பாயிற்று. 1943இல் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் ரண்டோல்ப் பையர்ஸ், உளவியலாளர் எலிசபெத் லோர்ட் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஈய நஞ்சேறிக் குணமாகியதாக வீடு திரும்பிய 20 பிள்ளைகளை அவர்கள் பின்தொடர்ந்து சென்று பார்த்தனர். ஒருவரைத் தவிர ஏனைய அனைவரும் பள்ளிக்கூடத்திற் பின்தங்கியிருந்தனர், அல்லது நடத்தையிற் சீர்குலைந்திருந்தனர். படிக்கக் கொடுத்ததை மனத்தில் இருத்த முடியாதவர்கள். ஓரிடத்தில் அமர முடியாதவர்கள். சினத்தை அடக்க முடியாதவர்கள். வகுப்பிலே 'மக்கு' என்றும் 'முரடன்' என்றும் பெயர் வாங்கிய பிள்ளைகளின் மூளையில் ஈயம் இருந்தது. ஆசிரியர்களாகிய வாசகர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திப்பது நன்று. ஆய்வை வெளியிட்ட பையர்ஸுக்குக் கிடைத்த கைம்மாறு, ஈயத் தொழில் தரப்பிலிருந்து வந்த வழக்கு அச்சுறுத்தல் என்று அவரே பின்னாளிற் கூறியுள்ளார்.

பால்ட்டிமோர் நகரின் சுகாதாரப் பகுதி இவ்விடயத்தில் ஏனைய நகரங்களுக்கு முந்திச் சென்றது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. பெரும் பொருளாதார மந்தத்தின் நாள்களில், 1932இல், விறகு வாங்க வழியற்ற கறுப்பின ஏழைக் குடும்பங்கள் வீசப்பட்ட மோட்டார் பற்றறிகளின் பெட்டிகளை அடுப்பில் இட்டுக் குளிர் காய்ந்தன. அவற்றிலிருந்து எழுந்த ஈயப் புகையாற் பிள்ளைகள் பலர் நோயுற்றனர். இதன் பின்னர் நகரச் சுகாதாரப் பகுதி 1935இல் இரத்தத்தில் ஈயத்தை அளக்கும் இலவசச் சோதனையைத் தொடங்கியது. தேடியபோது நோய் கிடைத்தது. தேடாத நகரங்களில் நோய் 'இல்லை'. வீட்டு உட்புறத்தில் ஈயப் பூச்சினைப் பால்ட்டிமோர் 1951இல் தடைசெய்தது.

முதலாளிகளின் சங்கம் இதற்கு அளித்த விளக்கமே நம் பொருளுக்கு மிக நெருங்கியது. இது சேரிகளின் பிரச்சினை. கல்வி புகட்டுதற்கு அரிய ஒரு வகைப் பெற்றோரின் பிரச்சினை. அப்பெற்றோர்க்குக் கல்வி புகட்டுவதே பரிகாரம் என்று அச்சங்கத்தின் சுகாதாரப் பொறுப்பாளராகிய மன்பிரட் பௌடிச் 1950களில் எழுதினார். 'பெற்றோர்' என எழுதினாலும் அவர் கருதியது கறுப்பின, போட்டோறிக்கோ இனத் தாய்மாரையே என்பது வெளிப்படை. பூச்சு உதிர்ந்த சுவரை அத்தாய் பூசவில்லை. அச்சுவர் அவளுக்குச் சொந்தமும் அன்று. வாடகை வாங்கிய வீட்டுக்காரன் கூரையின் ஒழுக்கை அடைக்கவில்லை. ஒழுக்கிலே சுவர் ஊறிற்று. பூச்சு செதிள் செதிளாகக் கழன்றது. ஈயச் செதிள் இனிக்கும். குழந்தை அதனை மீண்டும் தேடிச் செல்வதில் வியப்பில்லை. இரண்டு வேலை பார்த்து இரவு வீடு திரும்பும் தாயிடம், பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி எழுதிய துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள்! குழந்தை எதனையும் வாயில் வைப்பது ஒரு 'நோய்' என்று கூட மருத்துவ நூல்களில் அதற்கொரு பெயர் வழங்கிற்று. கிப்சன் 1904இற் கண்டதைப் பாதி நூற்றாண்டுக்குப் பின்னர் மறந்தவர்கள் அறியாமையால் மறந்தவர்கள் அல்லர்.

முதலாளிகள் தாமாக முன்வந்து 1955இல் ஒரு விதியை ஏற்றனர். உட்புறப் பூச்சில் ஈயம் 1 வீதத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்பது அது. கட்டாயமற்ற விதி, பழைய சுவர்களைப் பற்றி அது பேசவேயில்லை.

நிலைமையை அசைத்தவர்கள் பாதிக்கப்பட்ட மக்களே. 1969ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியிலே, 'யங் லோர்ட்ஸ்' என்னும் போட்டோறிக்கோ இளைஞர் இயக்கத்தினர் ஒரு செய்தியை அறிந்தனர். ஈய நஞ்சைக் கண்டறியும் சோதனைப் பொருள்கள் நகரச் சுகாதாரப் பகுதியின் கைவசம் பயன்படாது கிடந்தன. இளைஞர்கள் அலுவலகத்திற் சென்று அமர்ந்தனர். சோதனைப் பொருள்களைப் பெறாமல் எழுந்திருக்க மறுத்தனர். பெற்றபின் மருத்துவ மாணவர்களையும் மருத்துவமனை ஊழியர்களையும் உடனழைத்துக்கொண்டு வீடு வீடாகப் படியேறினர். நோயுற்ற பிள்ளைகள் பலரைக் கண்டறிந்தனர். பத்திரிகைகள் எழுதின. 1970இல் ஈய நஞ்சுத் தடுப்புக்கெனத் தனிப் பிரிவொன்றை நகர நிர்வாகம் அமைத்தது. 1971இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. வீட்டுப் பூச்சில் ஈயத்தை 0.06 வீதத்துக்குட் கட்டுப்படுத்திய தடை 1978இல் நடைமுறைக்கு வந்தது. ஜெனீவா உடன்பாடு எழுதப்பட்டு அப்போது 57 ஆண்டுகள் கழிந்திருந்தன.

விஞ்ஞானம் பக்கத்துணையாக வந்தது என்பதையும் கூறவேண்டும். வைத்தியர் ஹேர்பட் நீடில்மன் என்பார் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் இரு சிறு நகரங்களிற் பள்ளிச் சிறுவரின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்தார். பல்லில் ஈயம் தங்கும்; அது ஒரு நாட்குறிப்பு போன்றது. நோய் எனச் சொல்லத்தக்க அறிகுறி எதுவும் இப்பிள்ளைகளுக்கு இருக்கவில்லை. பல்லின் கணக்கை அறியாத ஆசிரியர்களிடம், 2,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் வகுப்பறை நடத்தை பற்றி வினவப்பட்டது. பல்லில் ஈயம் ஏற ஏற, கவனம் சிதறும் பிள்ளை, சொன்னதைச் செய்ய இயலாத பிள்ளை என்ற ஆசிரியரின் குறிப்பும் ஏறிச்சென்றது. 1979இல் இவ்வாய்வு வெளிவந்தது. 1991இல், ஈயத் தொழிலுக்காக நீதிமன்றங்களிற் சாட்சி கூறி வந்த நிபுணர்களின் முறைப்பாட்டின்பேரில் நீடில்மன்மீது நேர்மையின்மைக் குற்றச்சாட்டு எழுந்தது. தம்மைப் பகிரங்கமாக விசாரிக்கும்படி அவரே கோரினார். விசாரணையின் முடிவில் குற்றம் நிலைக்கவில்லை.

குழந்தை ஏன் இவ்வளவு எளிதில் இரையாகிறது? விழுங்கிய ஈயத்தை வளர்ந்தவரைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் குடல் உறிஞ்சுகிறது. சுண்ணாம்புச் சத்தெனத் தவறாக எண்ணி உடல் அதனை எலும்பிற் சேமிக்கிறது. வயிறு காய்ந்திருக்கும் பிள்ளையில், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளையில், உறிஞ்சுதல் இன்னும் அதிகம். வறுமை இருமுறை அடிக்கிறது: உதிரும் சுவருள்ள வீட்டைத் தருகிறது, அச்சுவரின் நஞ்சை ஏற்கும் உடலையும் தருகிறது. எவ்வளவு ஈயம் ஆபத்தற்றது என்ற கேள்விக்கு ஐக்கிய அமெரிக்காவின் சுகாதார அதிகாரிகள் அளித்த விடை ஒவ்வொரு தலைமுறையிலும் சரிந்து வந்தது. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 60 மைக்கிறோகிராம் என்பது 1960களின் எல்லை. 1971இல் அது 40 ஆயிற்று, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. ஆபத்தற்ற அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே இன்றைய நிலைப்பாடு.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிறுகுழந்தையின் இரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு ஏறத்தாழ 15 மைக்கிறோகிராம். 2010களில் அது 1இலும் குறைந்தது. இந்த வீழ்ச்சியிற் பெரும்பங்கு பெற்றோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டதற்கும், எஞ்சிய பங்கு பூச்சு, தகரப் பேணிகளின் பற்றாசு முதலியவற்றிலிருந்து அது அகற்றப்பட்டதற்கும் உரியது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கத் தாய்மார் திடீரெனக் கவனம் மிக்கவர்களாக மாறிவிடவில்லை. குழந்தைகளும் விரல் சூப்புவதை நிறுத்திவிடவில்லை.

ஆனால் பழைய சுவர்கள் நின்றன. அவற்றைத் துப்புரவாக்கும் செலவு யாருடையது என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 1990களிற் பால்ட்டிமோரில் மலிவான துப்புரவு முறைகள் போதுமா என்பதைச் சோதிப்பதற்காக, ஓரளவு மட்டும் ஈயம் நீக்கிய வீடுகளிற் சிறுகுழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்கள் குடியிருத்தப்பட்டு, பிள்ளைகளின் இரத்தம் அளந்து பார்க்கப்பட்டது. குழந்தையையே அளவுகோலாக்கிய இச்செயலை மேரிலாந்து மாநில மேல்நீதிமன்றம் 2001இற் கடுஞ்சொற்களாற் கண்டித்தது. கலிபோர்னியாவின் உள்ளூராட்சி மன்றங்கள் 2000ஆம் ஆண்டிற் தொடுத்த வழக்கில், 2019இல் மூன்று கம்பனிகள் 305 மில்லியன் டொலர் கொடுக்க உடன்பட்டன. ஒல்லாந்துச் சிறுவனை வளர்த்த கம்பனியும் அம்மூன்றில் ஒன்று. பத்தொன்பது ஆண்டு வழக்கு. வழக்குத் தொடங்கிய நாளிற் தொட்டிலிற் கிடந்த பிள்ளைகள் வாக்குரிமை பெற்றுவிட்டனர்.

இலங்கையின் நிலை யாது? நமது பெரும்பாலான வீடுகளின் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்த காலம் நெடியது. அக்காலத்தில் ஈயம் சுவருக்கு வரவில்லை. வறுமை ஒரு வகையில் நம்மைக் காத்தது எனலாம். கதவு, யன்னல், கம்பியழி, இரும்புக் கட்டில், பிள்ளையின் நடைவண்டி, மரப் பொம்மை, பள்ளிக்கூடத்து ஊஞ்சல் ஆகியவற்றுக்குப் பூசிய பளபளக்கும் எண்ணெய்ப் பூச்சின் வழியாகவே அது வந்தது. மேற்குநாடுகள் தம் வீட்டினுள்ளே தடைசெய்த பின்னரும் ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் கடைகளில் ஈயப் பூச்சு தாராளமாக விற்கப்பட்டது. மஞ்சளும் சிவப்பும் பச்சையுமான நிறங்களில், அதாவது குழந்தையின் கண்ணைக் கவரும் நிறங்களில், ஈயம் மிகுதி. நம் நாட்டுக் கடைகளில் வாங்கிய பூச்சுக்களைச் சுற்றாடல் இயக்கத்தினர் சோதித்து வெளியிட்ட முடிவுகள் கேள்வியைப் பொதுமன்றுக்குக் கொண்டுவந்தன. 2011இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானி மூலம் எல்லை விதித்தது. பொம்மைகளுக்கும் சிறுவர் பொருள்களுக்கும் பூசுவதில் பத்து இலட்சத்துக்கு 90 பங்கு. எனாமல் பூச்சில் 600 பங்கு. 2013ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி தொடக்கம் இது நடைமுறைக்கு வந்தது. பெற்றோலில் ஈயம் 2002இல் நிறுத்தப்பட்டது. உலக நாடுகளில் ஏறத்தாழப் பாதியில் 2023ஆம் ஆண்டின் இறுதியிலும் ஈயப் பூச்சினைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கவில்லை என்பதை நோக்கும்போது இது சிறிய காரியமன்று. மூன்று பிள்ளைகளுள் ஒருவர் வீதம், உலகெங்கும் 80 கோடிப் பிள்ளைகள் 5 மைக்கிறோகிராமுக்கு மேற்பட்ட ஈயத்தோடு வாழ்வதாக யுனிசெவ் நிறுவனம் 2020இல் மதிப்பிட்டது.

சட்டத்தின் திகதி 2013. ஆனால் நமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் உள்ள கதவுகள் அதற்கு முந்தியவை. பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முன்னர் அக்கதவுகள் புதுப்பூச்சுக்காகச் சுரண்டப்படுகின்றன. உலர்ந்த பூச்சினை மண்கடதாசியால் உரசும்போது எழும் தூசு கண்ணுக்குப் புலப்படாது நிலத்திற் படியும். அந்நிலத்திலேதான் குழந்தை தவழ்கிறது. நீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டினால் தூசு எழாது. அந்நாள்களிற் குழந்தையையும் கருவுற்ற தாயையும் வேறிடத்தில் இருத்தி, வேலை முடிந்ததும் நிலத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நாட்கூலிக்கு அக்கதவைச் சுரண்டுபவர் முகத்துக்குத் துணியேனும் கட்டாமல், மாலையில் அதே சட்டையோடு வீடு செல்கிறார். அவர் வாசலுக்கு வந்ததும் ஓடிவந்து அந்தச் சட்டையைப் பற்றித் தோளில் ஏறும் பிள்ளையின் இரத்தத்தை நம் நாட்டில் இன்னும் எவரும் ஒழுங்காக அளந்து பார்ப்பதில்லை.